கராச் வாசல்: றேஸுக்கு என்ன ஹெல்மெற்?

போன மாதம் மழைக்காலத்துப் பிறேக் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். கடைசியில், "றேஸ் ஓட ஆசைப்படும் பெடியள் எஞ்சினுக்குக் காசைக் கொட்ட முதல் ஹெல்மெற்றைப் பாருங்கோ" என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டிருந்தேன். பிறேக்கைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வந்த கடிதம் எல்லாம் அந்த ஒரு வரிக்குத்தான். சரி, இந்த மாதம் முழுக்க ஹெல்மெற்.

அண்ணை, நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு பழைய காரைத் தயார் செய்கிறோம். அடுத்த வருடம் நுவரெலியா மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியில் ஓடிப்பார்க்க ஆசை. அதற்கு முதல் பண்டாரகமையில் கார்ட் என்ற சின்ன றேஸ் வண்டி ஓடிப் பழக யோசனை. மோட்டார் சைக்கிளுக்கு வைத்திருக்கும் ஹெல்மெற் காணுமா? இல்லையென்றால் மூவரும் காசு போட்டு ஒரு நல்ல ஹெல்மெற் வாங்கி மாறி மாறிப் பாவிக்கலாமா? கையில் 50 ஆயிரம் ரூபாதான் இருக்கிறது.
– 24 வயது வாசகர், கோண்டாவில்

தம்பி, மூன்று தலைக்கு ஒரு ஹெல்மெற் என்று வாசித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஒரு பிளேன்ரீ குடித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அது நான் முதலில் நினைத்த அளவுக்கு மோசமான யோசனை இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

மோட்டார் சைக்கிள் ஹெல்மெற் காருக்குக் காணாது. மோட்டார் சைக்கிளில் விழுகிறவன் வாகனத்தை விட்டுத் தூர எறியப்படுவான். தலை றோட்டில் பலமாக அடிபடும், பிறகு உரசிக்கொண்டு போகும். காருக்குள் இருப்பவனோ பெல்ற்றால் கட்டுண்டு அங்கேயே இருப்பான். கார் உருண்டால் உள்ளே பூட்டியிருக்கும் இரும்புக் குழாய்க் கூட்டில் தலை ஒரே இடத்தில் இரண்டு மூன்று தரம் அடிபடும். பெற்றோல் ஒழுகினால் தீயும் பிடிக்கும். ஆகவே கார் ஹெல்மெற்றை அந்த இரும்புக் குழாய் போன்ற ஒன்றில் மோதிப் பார்ப்பார்கள், உள்துணி தீயில் எப்படி நிற்கிறது என்றும் பார்ப்பார்கள். மோட்டார் சைக்கிள் ஹெல்மெற்றுக்குத் தீச் சோதனை கிடையாது. அதற்குப் பதிலாகக் கண் திறப்பு அகலமாக இருக்கவேண்டும், ஏனென்றால் றோட்டில் போகிறவன் இரண்டு பக்கமும் பார்க்கவேண்டும்.

இந்த வித்தியாசத்தை லேபலில் ஒரு எழுத்து சொல்லிவிடும். ஸ்னெல் என்ற லேபலில் 'எஸ்ஏ' என்றால் கார், 'எம்' என்றால் மோட்டார் சைக்கிள், 'கே' என்றால் கார்ட். 'கே' கிட்டத்தட்ட 'எஸ்ஏ' மாதிரித்தான், தீச் சோதனை மட்டும் இல்லை. பக்கத்தில் இருக்கும் 2015, 2020 எல்லாம் அந்தத் தரம் எந்த வருடத்தது என்பதைச் சொல்லும். ஹெல்மெற் செய்த வருடம் வேறு, குழப்பவேண்டாம். உலக மோட்டார் றேஸ் சம்மேளனமான எப்.ஐ.ஏ.யின் 8859 என்ற லேபலும் காருக்கு உரியதுதான்.

ஸ்னெல் என்பது ஹெல்மெற் செய்கிற கம்பனி என்று என்னோடு வாதாடியவர்கள் இருக்கிறார்கள். பீற் ஸ்னெல் ஒரு அமெரிக்க ஓட்டுநர். 1956இல் ஒரு கார் றேஸில் இறந்துபோனார். தலையில் ஹெல்மெற் இருந்தது, அது உதவவில்லை. அடுத்த வருடமே அவர் பெயரில் ஒரு அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். ஹெல்மெற்றை அடித்து உடைத்துப் பார்ப்பதுதான் அவர்களின் வேலை.

இனிக் காசு. புது 'எஸ்ஏ' ஹெல்மெற் 50 ஆயிரத்துக்குள் இங்கே கிடைப்பது கஷ்டம். ஆனால் ஒரு வழி இருக்கிறது. ஸ்னெல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுத் தரம் வெளியிடும். இப்போது எஸ்ஏ2025 வந்துவிட்டது, வெளிநாட்டுக் கடைக்காரர் எஸ்ஏ2020ஐ விலை குறைத்துத் தள்ளுவார்கள். பழைய தரத்தையும் இன்னும் சில வருடம் ஏற்றுக்கொள்வதுதான் பல போட்டிகளில் வழக்கம். எஸ்ஏ2015 மலிவாகக் கிடைத்தால் மயங்கவேண்டாம், அதன் காலம் முடிகிற நேரம். எதை வாங்குவதற்கு முன்னும் நீங்கள் ஓடப்போகும் போட்டியின் விதிப் பத்திரத்தை எடுத்து, எந்த லேபல் கேட்கிறார்கள் என்று வாசியுங்கள். நான் வாசிக்கவில்லை. ஒருமுறை, எங்கே என்று சொல்லமாட்டேன், இரவு முழுக்க பஸ்ஸில் போய் இறங்கி, பரிசோதனை மேசையில் ஹெல்மெற்றை வைத்தேன். அந்த ஐயா உள்துணியை விலக்கி லேபலைத் தேடினார். இல்லை. அன்று முழுக்க மற்றவர்களுக்கு ரயர் உருட்டிக் கொடுத்துவிட்டு, பின்னேரம் அதே பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

லேபல் சரியென்றால் பாதி வேலைதான் முடிந்தது. மீதிப் பாதி உங்கள் தலை.

அம்மாவின் தையல் பெட்டியில் இருக்கும் அளவு நாடாவை எடுங்கள். புருவத்துக்கு மேலே ஒரு அங்குலம், காதுகளுக்கு மேலாக, பின்மண்டையில் அதிகம் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி மூன்று தரம் அளந்து, பெரிய எண்ணை எடுங்கள். சென்ரிமீற்றரில். ஒரு கம்பனியின் 'எல்' 59 – 60 என்று இருக்கும், இன்னொன்றில் 'எம்'மே அந்த அளவில் இருக்கும். எழுத்தை நம்பவேண்டாம், அந்தந்தக் கம்பனியின் அட்டவணையில் எண்ணைப் பாருங்கள்.

பிறகு வடிவம். குளித்துவிட்டுத் தலைமயிர் படிந்திருக்கும்போது மேலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். சிலருடைய தலை அம்பலவி மாங்காய் மாதிரி நீளம், சிலருடையது தோடம்பழம் மாதிரி வட்டம். பெரும்பாலானோர் இரண்டுக்கும் இடையில். நீளத் தலைக்காரன் வட்ட ஹெல்மெற்றைப் போட்டால் நெற்றியில் குத்தும், காதுப் பக்கம் வெளிச்சம் தெரியும். அப்போது பெரிய சைஸ் கேட்பது பிழை. கேட்கவேண்டியது வேறு கம்பனியுடையதை.

கடையில் போட்டுப் பார்க்கும்போது, பட்டி இரண்டையும் வெளிப்பக்கமாக இழுத்துப் பிடித்துத் தலையை நுழையுங்கள். காது மடங்கி உள்ளே போவதற்குக் கொஞ்சம் சண்டை பிடிக்கவேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் அது உங்களுடையது இல்லை. போட்டபின் கண்ணாடியைப் பாருங்கள். இரண்டு கொடுப்பிலும் பனங்கட்டியை ஒதுக்கி வைத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிறவன் மாதிரி முகம் இருக்கவேண்டும். நாடிப் பக்கத்தைப் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்புங்கள், கன்னத்துத் தோலும் கூடவே இழுபட வேண்டும். ஹெல்மெற் தனியாகத் திரும்பி மூக்கு ஒரு பக்கம் போனால் பெரிது. பட்டியைக் கட்டிவிட்டு, நண்பனைப் பின்விளிம்பில் கைவைத்து மேலே முன்பக்கமாக உருட்டச் சொல்லுங்கள். கழன்று வந்தால் எவ்வளவு விலையானாலும் திருப்பிக் கொடுங்கள். றேஸில் உள்ளே துணி முகமூடி போடுவதென்றால் அதையும் போட்டுக்கொண்டுதான் இதெல்லாம்.

அதன்பிறகு கழற்றாமல் இருபது நிமிடம் கடைக்குள் நில்லுங்கள். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும். கழற்றியதும் நெற்றியில் சந்தனப் பொட்டு வைக்கிற இடத்தில் ஒரு சிவந்த தழும்பு இருந்து நோகுமென்றால், அது அரைமணி ஓட்டத்தில் தலையிடியாக மாறும். "போடப் போடச் சரிவரும்" என்று கடைக்காரர் சொல்வார். கன்னத்துப் பஞ்சுக்கு அது உண்மை, சில நாளில் இளகும், அதனால்தான் கன்னத்தில் இறுக்கமாக வாங்கச் சொல்கிறேன். நெற்றியில் மெல்லிய பஞ்சுக்குப் பின்னால் இருப்பது கட்டியான ரெஜிபோம். அது உங்கள் மண்டைக்காக இளகாது.

இப்போது மூன்று தலை விஷயம். மலையேற்றத்தில் காரில் ஒரு நேரத்தில் ஒருவர் என்று தனித்தனியாகத்தான் ஓடப்போகிறீர்கள். ஆகவே மூவரின் அளவையும் எடுத்து எனக்கு எழுதுங்கள். இரண்டு பேர் ஒரே சென்ரிமீற்றரில், ஒரே வடிவத்தில் இருந்தால், அந்த இருவரும் ஒரு 'எஸ்ஏ' ஹெல்மெற் வாங்கலாம். ஆளுக்கு ஒரு சோடி கன்னப் பஞ்சு, ஆளுக்கு ஒரு முகமூடி, ஓட்டத்துக்கு இடையில் மாற்றிப் பூட்டுங்கள். மூன்றாமவருடைய தலை வேறென்றால் அவருக்குத் தனி. "கொஞ்சம் லூஸ்தான், சமாளிப்பேன்" என்று அவர் சொன்னால் அவரை ரயர் உருட்ட விடுங்கள்.

ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார். மோட்டார் சைக்கிள் றேஸுக்கு நல்ல ஹெல்மெற் கொண்டுவாறன், சைஸைச் சொல் என்கிறார். 'எல்' என்று சொல்லட்டா?
– சுன்னாகம்

சொல்லவேண்டாம். பல வருடங்களுக்கு முன் லண்டனில் இருந்து வந்த என் ஒன்றுவிட்ட தம்பியிடம் நானும் 'எல்' என்றுதான் சொன்னேன். பாவம், அவன் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். அருமையான பெயின்ற், பார்த்தவர் எல்லாம் விலை கேட்டார்கள். போட்டால் வாளிக்குள் விழுந்த தேசிக்காய் மாதிரி என் தலை உள்ளே உருண்டது. அவ்வளவு தூரம் சுமந்து வந்தவனிடம் எப்படிச் சொல்வது? நான்கு வருடம் அலுமாரிக்கு மேலே இருந்தது. என்னுடைய தலை 57, அந்தக் கம்பனியின் 'எல்' 60. அளக்காமல் சொன்னது என் பிழை.

மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் மூன்று விஷயம் அனுப்புங்கள்: தலைச் சுற்றளவு சென்ரிமீற்றரில், மேலிருந்து எடுத்த படம், பக்கவாட்டில் எடுத்த படம். அதே ஹெல்மெற்றுக்கு ஒரு சைஸ் தடித்த கன்னப் பஞ்சும் ஒரு சைஸ் மெலிந்ததும் தனியாக விற்பார்கள், இரண்டையும் வாங்கிவரச் சொல்லுங்கள். அது ஹெல்மெற் விலையில் சிறு பங்குதான், இங்கே வந்தபின் சரிப்படுத்த வேறு வழி இல்லை. மச்சான் தன் தலையில் போட்டுப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னால் அதை எண்ணவேண்டாம்.

லேபலையும் சொல்லுங்கள். அங்கே கடைகளில் டி.ஓ.ரி. ஸ்ரிக்கர் நிறையப் பார்ப்பார். அது அமெரிக்க அரசின் தரம், ஆனால் 'இது தேறிய பொருள்' என்று ஒட்டிக்கொள்பவர் செய்கிற கம்பனியே. அரசு பிறகு கடையில் சிலவற்றை எடுத்துச் சோதிக்கும். ஐரோப்பாவின் ஈ.சி.ஈ. 22.06 என்றால் விற்க முன்னரே சோதனைச்சாலையில் தேறியிருக்கவேண்டும், தலை திருகுப்படும் அடியையும் அதில் சோதிக்கிறார்கள். நாடிப்பட்டியில் தைத்த துண்டில் ஒரு வட்டமும் அதற்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். எண் நாட்டைக் குறிக்கும், 3 என்றால் இத்தாலி. கீழே உள்ள இலக்கம் 06 என்று தொடங்கினால் 22.06, 05 என்று தொடங்கினால் பழைய 22.05. மற்றது, பட்டி இரட்டை வளையம் உள்ளதாக இருக்கட்டும். 'கிளிக்' என்று பூட்டும் கொளுவியைப் பல றேஸ்களில் ஏற்கமாட்டார்கள்.

விமானத்தில் கைப்பையாக வரட்டும். உள்ளே சேட்டு, சாறம் அடைக்கலாம். சிறுவர்களுக்குக் கொண்டுவரும் சொக்கிளேற் பெட்டியைத் திணிக்கவேண்டாம்.

கல்யாணப் புடவை எடுக்கப் பலாலியில் இருந்து சென்னைக்குப் போகிறோம். அங்கே ஹெல்மெற் மலிவாமே?
– உரும்பிராய்

மலிவுதான். பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் றேஸ் ஓடுதளம் இருக்கிறது, விஷயம் தெரிந்தவர்களும் இருப்பார்கள். இந்தியாவில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், றோட்டுக்கு அது சரி. றேஸ் ஓட என்றால் அதோடு ஈ.சி.ஈ. 22.06உம் இருப்பதைத் தேடுங்கள். நடைபாதையில் ஐ.எஸ்.ஐ. ஸ்ரிக்கர் ஒட்டித் தொங்கும் சட்டிகளில் கை வைக்கவேண்டாம். புடவைக் கடையில் நாலு மணித்தியாலம் நிற்கப்போகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதில் ஒரு மணித்தியாலத்தை ஹெல்மெற் கடைக்கு முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சுப்பர் குறொஸ் என்ற மண் தள மோட்டார் சைக்கிள் றேஸ் ஓடிய நண்பர் தன் ஹெல்மெற்றை 15 ஆயிரத்துக்குத் தருகிறார். ஒருமுறை விழுந்தவர். வெளியே சின்னக் கீறல் மட்டும்தான். வாங்கலாமா அண்ணை?
– கொடிகாமம்

வாங்கவேண்டாம். நண்பர் நல்லவராக இருக்கலாம், ஹெல்மெற் தன் வேலையை முடித்துவிட்டது.

ரிவி வாங்கினால் பெட்டிக்குள் வெள்ளை ரெஜிபோம் வருமே, அதை விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழும், திரும்பி எழும்பாது. ஹெல்மெற்றுக்குள் இருப்பதும் அதே வகைப் பொருள்தான், இன்னும் இறுக்கமாகச் செய்திருப்பார்கள். அடிபடும்போது அது நசுங்குவதற்கு எடுக்கும் அந்தக் கண நேரத்தில்தான் மண்டை மெதுவாக நிற்கிறது. ஒருமுறை நசுங்கிய இடம் அடுத்தமுறை நசுங்க இடம் இல்லாமல் கல்லு மாதிரி நிற்கும். வெளி ஓடு பழைய வடிவத்துக்கு வந்துவிடும், ஆகவே கீறல் மட்டும்தான் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. விழாத ஹெல்மெற்றாக இருந்தாலும் ஐந்து வருடத்தில் மாற்றச் சொல்கிறது ஸ்னெல். வியர்வையும் தலைக்கு வைக்கும் எண்ணெயும் பசையையும் பஞ்சையும் தின்றுவிடும். எங்கள் வெயிலில், நல்லெண்ணெய்த் தலையில், அந்த ஐந்தை நான் கூட்டிச் சொல்லமாட்டேன்.

மண்ணெண்ணெயில் எம்.டி. 90 மோட்டார் சைக்கிள் ஓட்டிய காலத்து ஆள் நான், பழைய பொருளைத் தூக்கி எறிய மனம் வராது. என் கராச்சில் இருபது வருடத்துக் காபரேற்றர்கள் இருக்கின்றன. ஹெல்மெற்றை மட்டும், விழுந்தது என்றால் பட்டியை வெட்டிவிட்டுத்தான் குப்பையில் போடுவேன். வெட்டாமல் போட்டால் யாராவது எடுத்துத் தலையில் போடுவார்கள்.

அந்த 15 ஆயிரத்தோடு இன்னும் சேருங்கள். சுப்பர் குறொஸுக்கு முன்னால் வெயில் மறைக்கும் தட்டி உள்ள, நாடி நீண்ட ஹெல்மெற்தான் வசதி, மூச்சு வாங்கும்போது காற்று வரும். தூசிக் கண்ணாடி தனியாக வாங்கவேண்டும். அந்தக் கண்ணாடியையும் ஹெல்மெற்றையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள், சிலது ஒன்றோடொன்று பொருந்தாமல் மூக்கை நசிக்கும்.

மகனுக்கு 11 வயது. கார்ட் ஓடப் பழக்கச் சொல்லி ஒற்றைக்காலில் நிற்கிறான். வளரும் பிள்ளை, பள்ளிக்கூடச் சப்பாத்து மாதிரி ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் இரண்டு வருடம் போகும்தானே?
– ஒரு தாய், மானிப்பாய்

தங்கச்சி, சப்பாத்துக்குள் பஞ்சு அடைத்தவர்கள்தான் நாங்கள் எல்லாம். தலைக்கு அது சரிவராது. பதினொரு வயதில் தலை பெரும்பாலும் வளர்ந்து முடிந்திருக்கும், ஆகவே சரியான அளவில் வாங்கினாலும் நீங்கள் பயப்படுகிற மாதிரி உடனே சின்னதாகாது. கொஞ்சம் இறுகினால் மெலிந்த பஞ்சு மாற்றலாம். இன்னும் வளராதது கழுத்து. பெரியவர்களின் ஹெல்மெற் ஒன்றரைக் கிலோவுக்குக் கிட்ட இருக்கும். வளைவில் கார்ட் திரும்பும்போது அந்தப் பாரம் முழுக்கப் பிள்ளையின் கழுத்தில் இழுக்கும். சிறுவர் றேஸுக்கென்றே ஸ்னெல்லில் 'சிஎம்ஆர்' என்று பாரம் குறைந்த தரம் இருக்கிறது, தேடுங்கள்.

ஆனால் இப்போதே ஒன்றும் வாங்கவேண்டாம். முதல் இரண்டு மூன்று தடவை கார்ட் வாடகைக்கு விடும் இடத்திலேயே ஹெல்மெற் தருவார்களா என்று கேளுங்கள், துணி முகமூடி மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். ஒற்றைக்கால் எவ்வளவு நாளைக்கு நிற்கிறது என்று பார்த்துவிட்டு வாங்கலாம்.

மூக்குக் கண்ணாடி போடுகிறவன் நான். என்ன செய்வது?
– சாவகச்சேரி

ஹெல்மெற் முதல், கண்ணாடி பிறகு. காம்பு நேராக உள்ள கண்ணாடி சுலபமாக நுழையும், காதில் வளைந்து கொளுவுவது நுழையாது. சில கன்னப் பஞ்சுகளில் காம்புக்கென்றே ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். உங்கள் கண்ணாடியோடு கடைக்குப் போங்கள்.

வெளி ஓட்டில் எனக்குப் பிடித்த நிறம் அடிக்கலாமா? பெயின்றர் நண்பன் இருக்கிறான்.
– பருத்தித்துறை

பொலிகார்பனேற் ஓடென்றால் வேண்டாம். மலிவான ஹெல்மெற் பலதும் அதுதான். தின்னரும் பெற்றோலும் அதைக் கண்ணுக்குத் தெரியாமல் வெடிப்பாக்கும். பைபர் கிளாஸ் ஓடென்றாலும் செய்த கம்பனி என்ன சொல்கிறது என்று வாசித்துவிட்டு நண்பனைக் கூப்பிடுங்கள்.

மனைவி ஹெல்மெற்றை அப்படியே சவர்க்காரத் தூளில் ஊறப்போட்டுக் கொடியில் தொங்கவிட்டு விட்டா. பழுதா?
– இணுவில்

நாறினபடியால்தானே தோய்த்தா, அவவைக் கோபிக்காதீர்கள். தண்ணீரால் ரெஜிபோமுக்கு ஒன்றும் இல்லை. நன்றாக அலசி, உள்ளே தூள் தங்காமல் நிழலில் காயவிடுங்கள். பிறகு பஞ்சு ஓட்டோடு ஒட்டிய இடங்களையும் பட்டி ஆணி அடித்த இடத்தையும் விரலால் இழுத்துப் பாருங்கள். உறுதியாக இருந்தால் போடலாம். அடுத்தமுறை கன்னப் பஞ்சை நீங்களே கழற்றிக் குழந்தைச் சாம்புவில் அலசுங்கள். திருப்பிப் பூட்டும்போது பின்பக்கத்தில் இடது, வலது என்று அடையாளம் இருக்கும். மாறிப் பூட்டினால் காது மடங்கும், அதற்கும் மனைவியில்தான் பழி விழும்.